புள்ளும் பொழுதும்

பறவை பார்க்கும் பழக்கம் உள்ளவர்களிடம் மற்றவர்கள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "இதை எங்கே பார்க்கலாம்?" கைப்பேசி வந்தபின் இதற்கு விடை சொல்வது மிக எளிதாகிவிட்டது. எந்த ஏரியின் எந்தக் கரை, எந்த மலைச்சாலையின் எத்தனையாவது வளைவு என்பது வரை வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளியாக வந்து சேர்ந்துவிடுகிறது. அந்தப் புள்ளியின் மேலேயே போய் நின்றுவிட்டு ஒன்றும் காணாமல் திரும்பி, "அங்கே ஒன்றுமில்லை, யாரோ கதை விட்டிருக்கிறார்கள்" என்று குறைப்பட்டுக்கொள்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் போன இடம் சரிதான். அவர்கள் போயிருந்தபோது பறவை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்திருக்கும். அல்லது இருபதடி தள்ளிப் புதருக்குள்ளேயே வாய் திறக்காமல் இருந்திருக்கும்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கக் கூடாது. தொல்காப்பியர் முதற்பொருள் என்று சொன்னவை இரண்டு: நிலமும் பொழுதும். பறவை அதற்கு அடுத்த நிலையில், கருப்பொருளில்தான் வருகிறது; தெய்வம், உணவு, விலங்கு, மரம் இவற்றோடு சேர்ந்து. நிலத்தையும் பொழுதையும் ஒரே வரிசையில் நிறுத்திய அந்தப் பாகுபாட்டைத்தான் நாங்கள் பத்து மதிப்பெண் வினாவாக்கி வைத்திருக்கிறோம். மாணவர்களும் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். இப்போது வெளியே நடப்பது எந்தப் பருவம் என்று ஒருமுறை வகுப்பில் கேட்டேன். "இரண்டாம் பருவம் ஐயா, செமஸ்டர்" என்று விடை வந்தது. வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் அந்த விடையில் ஓர் உண்மை இருக்கிறது. நம்முடைய பொழுதுகள் இப்போது தேர்வுக்கால அட்டவணையிலும் தற்செயல் விடுப்புக் கணக்கிலும் இருக்கின்றன. பறவை பார்க்கப் போகும்போதும் அவற்றைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போகிறோம். விடுமுறை மே மாதத்தில் கிடைக்கிறது என்பதற்காக மே மாதத்தில் ஊட்டிக்குப் போய், காஷ்மீரத்து ஈப்பிடிப்பானைத் தேடுகிறவரை என்ன சொல்வது? வடமேற்கு இமயத்தின் சிறு பகுதியில் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இலங்கை மலைகளிலும் கழிக்கும் சின்னஞ்சிறு பறவை அது. ஐப்பசியில் வந்தால் பங்குனி வரை இருக்கும். கோடைவிழாவுக்கு நாம் மலையேறும்போது அது காஷ்மீரில் கூடு பார்த்துக்கொண்டிருக்கும்.

பயணத்தில் இடம் எளிய பாதி. பொழுது கடினமான பாதி. அந்தப் பொழுதை யார் தீர்மானிப்பது என்பதில்தான் இன்று பறவை பார்க்கும் கூட்டத்தாரோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. வழக்கைச் சொல்வதற்கு முன் ஒரு பறவையைச் சொல்லிவிடுகிறேன்.

ஆறுமணிக்குருவி என்று தமிழில் அதற்குப் பெயர். இந்தியில் நவரங்கம், ஒன்பது நிறத்தது. பச்சை முதுகு, தோளில் பளிச்சிடும் நீலம், வெளிர்மஞ்சள் மார்பு, அடிவயிற்றில் குங்குமம், கண்ணை மறைத்துக் கட்டியது போல ஒரு கறுப்புப் பட்டை. இத்தனை நிறத்தைப் பார்த்தும், நம் ஊர்க்காரர் யாரோ ஒருவர் நிறத்தைப் பெயரில் வைக்காமல் மணியை வைத்திருக்கிறார். அவர் பறவையைப் பார்க்கவே இல்லை, கேட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நம் ஊரில் இதுவே இயல்பு. வடக்கிலும் நடு இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்து முடித்தபின், புரட்டாசி, ஐப்பசி வாக்கில் இரவோடிரவாக இங்கே வந்து இறங்குகிறது. வந்த களைப்பில் சில நாள்கள் அதற்கு இடம் பொருள் ஏவல் தெரிவதில்லை. மாடிவீட்டுக் கண்ணாடியில் மோதி விழும், குளியலறைக்குள் புகுந்துகொள்ளும், காக்கைகள் துரத்தக் கல்லூரித் தாழ்வாரத்தில் வந்து ஒடுங்கும். இப்படிச் சிக்கியதைப் படம் எடுத்து "இது என்ன பறவை, கிளியா?" என்று கேட்டு ஆண்டுதோறும் யாராவது அனுப்புகிறார்கள். அனுப்பும் தேதிகளைச் சேர்த்து வைத்தாலே வலசை வரும் வாரம் தெரிந்துவிடும்.

பிறகு அது தனக்கென ஒரு நிழலைத் தேடிக்கொள்கிறது. மூங்கில் புதர், மாந்தோப்பு, கோயில் நந்தவனம், சருகு மூடிய ஈரத்தரை எதுவானாலும் சரி. அங்கே சருகைக் கிளறிக்கொண்டு, தத்தித் தத்தி, பனிக்காலம் முழுவதும் இருக்கும். அங்கே இருப்பது நமக்குத் தெரியாது. வைகறையில் ஒரு சில நிமிடங்கள், மாலை மங்கும்போது ஒரு சில நிமிடங்கள், இரண்டு ஒலியாகச் சீட்டி அடிக்கும். அவ்வளவே. எங்கள் கல்லூரியின் பின்புறத் தோப்பில் இரவுக்காவல் பார்க்கும் பெரியவர், அந்தச் சீட்டியைக் கேட்டுத்தான் விளக்குப் போடுவார். அவர் அந்தப் பறவையைக் கண்ணால் கண்டதில்லை.

இந்தப் பெயர் இந்த அட்சரேகையில்தான் செல்லுபடியாகும் என்பதையும் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டில் சூரியன் உதிப்பதும் மறைவதும் ஆண்டு முழுவதும் ஆறு மணியை ஒட்டியே நடக்கின்றன. முன்பின்னாக அரைமணி, மிஞ்சினால் முக்கால் மணி. தில்லியில் கோடையில் ஏழே காலுக்குச் சூரியன் மறையும். அங்கே ஒருவர் ஒரு பறவைக்கு ஆறுமணிக்குருவி என்று பெயர் வைத்தால் அடுத்த பருவத்தில் அப்பெயர் பொய்யாகிவிடும். பெரும்பொழுது, சிறுபொழுது, நிலம் மூன்றும் ஒரு நாட்டுப்புறப் பெயருக்குள் ஒடுங்கிக் கிடப்பதை இதில் காண்கிறேன். உரையாசிரியர்கள் பக்கம் பக்கமாக விளக்கியதை, தோப்பில் நின்ற ஒருவர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

இப்போது வழக்கைச் சொல்கிறேன். ஒரு பறவைக்கு ஆண்டில் ஏழு மாதமும் நாளில் இருபது நிமிடமும்தான் நாம் சந்திக்கக்கூடிய பொழுது என்றால், அந்த இருபது நிமிடத்துக்காகக் காத்திருப்பதுதான் முறை. ஆனால் காலைப் பேருந்தில் வந்து பத்து மணிக்குத் தோப்பில் இறங்கி, மதியச் சாப்பாட்டுக்குள் பார்த்துவிட்டு அடுத்த பறவைக்குப் போக வேண்டும் என்று வருகிறவருக்கு அது கட்டுப்படியாகாது. அவர் பையிலிருந்து சின்ன ஒலிபெருக்கியை எடுக்கிறார். பதிவு செய்த குரலை ஒலிக்கவிடுகிறார். தன் எல்லைக்குள் வேறொருவன் வந்துவிட்டான் என்று பறவை வெளியே வருகிறது. படமும் கிடைத்துவிடுகிறது.

பழந்தமிழில் 'பார்வை' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு. வேட்டுவர்கள் தம் இனத்தைக் காட்டி மற்றவற்றை வரவழைப்பதற்காகப் பழக்கி வைத்திருக்கும் விலங்கும் பறவையும் பார்வை எனப்பட்டன. வளர்த்த கவுதாரியைக் கூண்டில் வைத்துக் கத்தவிட்டுக் காட்டுக் கவுதாரியைப் பிடிக்கும் வழக்கம் அண்மைக்காலம் வரை நம் ஊர்களில் இருந்தது. ஒலிபெருக்கியில் குரலைப் போடுவதும் அதே பார்வைதான். கண்ணி மட்டும் இல்லை. கண்ணி இல்லாததால் தீங்கும் இல்லை என்று வாதிடுகிறார்கள். பறவை உணவு தேடவும் ஓய்வெடுக்கவும் வைத்திருக்கும் நேரத்தில் இல்லாத எதிரியோடு அதைச் சண்டைக்கு நிறுத்துகிறோம். அதன் பொழுதிலிருந்து ஒரு பகுதியை எடுத்து நம் பேருந்து நேரத்துக்கு ஈடு கட்டுகிறோம். இதற்குத் திருட்டு என்பதைவிட மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை. ஒரே தோப்புக்கு ஒரே பருவத்தில் ஐம்பது பேர் ஒலிபெருக்கியோடு வந்தால் என்ன ஆகும் என்பதை வாசகர் எண்ணிப் பார்க்கலாம்.

எந்தப் பறவை எப்போது, எங்கே வரும் என்ற அறிவு வேட்டையாடியவர்களிடம்தான் முதலில் இருந்தது என்பதை மறந்துவிட முடியாது. ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில் கலிவிகோடி என்று தெலுங்கில் அழைக்கப்படும் பறவை, 19ஆம் நூற்றாண்டில் அதைக் கண்டறிந்த ஜெர்டனின் பெயரால் உலகில் அறியப்படுகிறது. 1900க்குப் பின் அதைக் கண்டவர் எவரும் இல்லை. அழிந்துபோனது என்றே எண்ணினார்கள். 1986 ஜனவரியில் அது மீண்டும் கிடைத்தது உள்ளூர் வேட்டைக்காரர் ஒருவர் வழியாக, இரவில், கைவிளக்கு வெளிச்சத்தில். அந்தப் பறவை இரவில் நடமாடுவது. யாமத்துக்கு உரியதை நண்பகலில் தேடினால் அந்தப் புதர்க்காடு எத்தனை ஆண்டானாலும் வெறும் புதர்க்காடாகத்தான் தெரியும்.

இதே அறிவு கொல்லவும் செய்யும். அமூர் வல்லூறுகள் கிழக்குச் சைபீரியாவிலிருந்து தென்னாப்பிரிக்கா போகும் வழியில், அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலுமாகச் சில வாரங்கள் நாகாலாந்தின் தொயாங் நீர்த்தேக்கத்தருகே இலட்சக்கணக்கில் தங்குகின்றன. அந்த வாரங்கள் அங்கிருந்தவர்களுக்கு நாள் பிசகாமல் தெரியும். 2012இல் அவர்கள் மீன்வலை கட்டிப் பல்லாயிரக்கணக்கில் பிடித்துக் கொன்ற படங்கள் வெளிவந்து உலகம் அதிர்ந்தது. அடுத்த ஆண்டே அதே ஊரார் வலைகளை மடித்து வைத்துவிட்டுக் காவல் நின்றார்கள். நாள்காட்டியில் எதுவும் மாறவில்லை. அதைக் கையில் வைத்திருந்தவர்கள் மாறினார்கள். இன்று அதே வாரங்களில் அங்கே பயணிகள் போகிறார்கள்.

இவையெல்லாம் ஓரளவு நல்லபடி முடிந்த கதைகள். என்னை உண்மையிலேயே உறுத்துவது வரகுக்கோழியின் கதை. ஆறுமணிக்குருவி நேரத்தைப் பெயரில் வைத்திருப்பது போல இது ஒரு பயிரைப் பெயரில் வைத்திருக்கிறது. தமிழில் இப்பெயர் வழங்குவதை ஜெர்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். வரகு விளைந்து நிற்கும் கொல்லையில் நடமாடக் கண்டவர்கள் இட்ட பெயராக இருக்க வேண்டும். இன்று தமிழ்நாட்டில் வரகுக்கொல்லையே அருகிவிட்டது. கோழியைக் கண்டவர்களைத் தேட வேண்டும். பெயர் மட்டும் அகராதியில் நிற்கிறது.

கானமயிலின் இனத்தைச் சேர்ந்த சிறிய பறவை இது. தென்மேற்குப் பருவமழை பெய்து புல் முழங்காலளவு வளர்ந்ததும் குஜராத், இராஜஸ்தான், மத்தியப் பிரதேசப் புல்வெளிகளுக்கு வந்து சேர்கிறது. ஆண்பறவை அப்போது கறுப்பு உடை உடுத்து, தலையின் பின்னே நாடா போன்ற இறகுகள் வளைந்து நிற்க, புல்லுக்கு மேலே ஆளுயரம் எழும்பிக் குதிக்கிறது. குதித்து மறைகிறது. மறுபடியும் குதிக்கிறது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான முறை. புல்லுக்குள் எங்கோ இருக்கும் பெண்பறவைக்கு 'நான் இங்கே' என்று சொல்ல அதற்கு வேறு வழியில்லை. ஜூலை முதல் செப்டம்பர் வரை இந்தக் கூத்து. மழை ஓய்ந்து புல் காய்ந்ததும் கறுப்பு உடை கழன்று, தரையின் நிறத்தில் கலந்து, நாடெங்கும் சிதறிவிடுகிறது. அதன்பின் அதைத் தேடிக் காண்பது நடவாத காரியம்.

ஆக, இந்தப் பறவையைப் பார்ப்பதற்கு எது சரியான பொழுது என்று கேட்டால் விடை ஐயத்துக்கு இடமில்லாதது: ஆடி, ஆவணி. இதைத் தொந்தரவு செய்யவே கூடாத பொழுது எது என்று கேட்டாலும் அதே விடைதான். பயண வழிகாட்டிகள் முதல் விடையை மட்டும் அச்சிடுகிறார்கள். 2021இல் இதைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அழிவின் விளிம்பில் உள்ள பறவைகளின் வரிசையில் சேர்த்தது. எஞ்சியிருப்பவை சில நூறு என்ற கணக்கில்தான் பேசப்படுகின்றன. ஓர் ஆண்பறவை குதிக்கும் புல்வெளியின் ஓரத்தில் நான்கு வண்டிகள் நின்று, பன்னிரண்டு பேர் நீண்ட லென்சோடு இறங்கி, இன்னும் கொஞ்சம் நெருங்கினால் நல்ல படம் கிடைக்கும் என்று புல்லுக்குள் கால் வைக்கும்போது, பெண்பறவை வராமற்போகிறது. அது வராததை யாரும் படம் எடுக்க முடியாது.

எதிர்வாதமும் எனக்குத் தெரியும். அதில் நியாயமும் உண்டு. பார்க்க வருகிறவர்கள் இல்லாவிட்டால் அந்தப் புல்வெளியைக் காப்பாற்ற அங்கே யாருக்கும் காரணம் இருக்காது. புல்லை அறுக்காமல் விட்டு வைக்கும் உழவருக்கு ஏதேனும் வருவாய் வேண்டும். மத்தியப் பிரதேச வனத்துறை, தம் நிலத்தில் வரகுக்கோழி இருப்பதைத் தெரிவித்துக் காக்கும் உழவர்களுக்குப் பரிசுத்தொகை தந்ததும் இந்தக் காரணத்தால்தான். ஆனால் அந்தத் திட்டம் தந்த காசு, காத்ததற்காக, காட்டியதற்காக அல்ல. சாலையை விட்டு இறங்காமல், வண்டிக்குள்ளேயே இருந்து, தொலைநோக்கி வழியாகப் பார்த்துவிட்டு அரைமணியில் கிளம்பிவிடுகிறவரோடு எனக்குச் சண்டை இல்லை. அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதில்தான் ஐயம். என்னைப் பொறுத்தவரை, வரகுக்கோழியைப் பார்க்க நான் போகவில்லை. போகும் எண்ணமும் இல்லை. என் பட்டியலில் அந்த வரி காலியாக இருப்பதால் எனக்கொன்றும் குறைந்துவிடாது. பார்க்காமலிருப்பதும் காலம் பார்த்துச் செய்யும் காரியமே என்று நான் சொன்னால் பட்டியல் நண்பர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இந்தச் சங்கடம் பெரும்பாலும் இல்லை என்பது நம்முடைய நல்லூழ். வடக்கிலிருந்து நம்மிடம் வரும் பறவைகள் குஞ்சு பொரிக்க வருவதில்லை; குளிருக்கு ஒதுங்க வருகின்றன. ஈப்பிடிப்பானையும் ஆறுமணிக்குருவியையும் கதிர்க்குருவிகளையும் நாம் பார்க்கும் காலம் அவற்றுக்குக் கூடும் குஞ்சும் இல்லாத காலம். அமைதியாக ஓரிடத்தில் நிற்கத் தெரிந்தவரால் அவற்றுக்குத் தீங்கில்லை. வேடந்தாங்கல், கூந்தன்குளம் போன்ற கூடுகட்டும் இடங்கள் விதிவிலக்கு. அங்கே ஊர்க்காரர்களே நமக்கு முன்பாக ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார்கள். வேடந்தாங்கல் மக்கள் தங்கள் ஏரியில் யாரும் சுடக் கூடாது என்று 1798இல் கும்பெனி ஆட்சியரிடம் எழுத்து வாங்கினவர்கள்.

வேடந்தாங்கலைப் பற்றி ஒன்று. "நவம்பர் முதல் பிப்ரவரி வரை" என்று எல்லாச் சுற்றுலாக் கையேடுகளிலும் போட்டிருக்கும். பறவைகள் கையேடு பார்ப்பதில்லை; ஏரியைப் பார்க்கின்றன. கடப்ப மரங்களின் அடி நீரில் முழுகினால்தான் கூடு. வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் டிசம்பரில் போனாலும் வெறும் மரங்களைத்தான் பார்த்துவிட்டு வர வேண்டும். கூந்தன்குளத்துக்கு மணிமுத்தாற்று நீர் வருவதால் அங்கே கணக்கு வேறு. வேடந்தாங்கலில் கூட்டம் கலையும் நாளில் அங்கே சங்குவளை நாரைகள் ஊர்த்தெரு மரங்களில் குஞ்சுகளோடு இருக்கும். தேதி கேட்பதைவிட ஏரியில் தண்ணீர் எவ்வளவு என்று அங்குள்ள டீக்கடையில் தொலைபேசியில் கேட்பது மேல்.

கோடியக்கரைக்கும் எல்லாரும் பொங்கல் விடுமுறையில் போகிறார்கள். பூநாரைகளுக்கு அது சரி. ஆனால் உப்பளச் சேற்றில் ஆயிரக்கணக்கில் மேயும் உள்ளான்கள் அப்போது எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எது எது என்று பிரித்தறிவதற்குள் கண் வலிக்கும். ஏப்ரலில் ஒரு முறை போய்ப் பாருங்கள். வெயில் தாங்காது, தங்க வசதியும் சொல்லும்படி இருக்காது, விடைத்தாள் திருத்தும் பணியை வேறு யாரிடமாவது தள்ளிவிட்டுத்தான் போக வேண்டும். வளைந்த அலகுடைய உள்ளான்கள் வட துருவத்தின் ஓரத்துக்குப் புறப்படும் முன் செங்கல் நிறம் பூண்டு நிற்பதை அப்போதுதான் பார்க்கலாம். புறப்பாட்டுக்கு முந்தைய சில வாரங்கள் மட்டும்.

காலத்தைத் தெரிந்துகொள்ள இன்று நல்ல கருவி ஒன்று இருக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் 2002இல் தொடங்கிய இபேர்ட் தளத்தில் எந்த மாவட்டத்தை எடுத்தாலும், ஒவ்வொரு பறவைக்கும் மாதத்துக்கு நான்காக ஆண்டுக்கு 48 கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை தெரியும். பட்டை தடிக்கும் வாரம் பறவை மிகுதியாகக் காணப்படும் வாரம். பறவை தேடிப் பயணம் போகிறவர் வரைபடத்தைப் பார்ப்பதற்கு முன் இந்தப் பட்டையைப் பார்க்க வேண்டும் என்பேன். ஆனால் அதையும் ஓர் உரையைப் படிப்பது போலப் படிக்க வேண்டும். எழுதியவர் யார், எப்போது எழுதினார் என்று கேட்டு. மேற்குத்தொடர்ச்சி மலையின் பல இடங்களில் ஜூன், ஜூலைக் கட்டங்கள் காலியாகவோ மெலிந்தோ கிடக்கும். அடைமழையில், அட்டைக்கடியில், யாரும் போகவில்லை என்பதே அதன் பொருளாக இருக்கலாம். அங்கே அந்த மாதங்களில்தான் சீகாரப் பூங்குயில் விடியுமுன் ஓடைக்கரையில் நின்று பள்ளிச் சிறுவன் சீட்டி அடிப்பது போலப் பாடிக்கொண்டிருக்கும். அகன்ற வாலுடைய புல்வெளிக் குருவி ஒன்று, மற்ற மாதங்களில் புல்லுக்குள் எலி போல ஓடி மறைவது, மழை மாதங்களில் புல்லுக்கு மேலே பாடிக்கொண்டே பறந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். ஆளில்லாத வாரத்தைப் பறவையில்லாத வாரம் என்று படித்துவிடக் கூடாது. தமிழ்நாட்டில் 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாள்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பின் பயன் இதனால்தான் பெரிது. ஒரே வாரத்தை ஆண்டுதோறும் ஊரெங்கும் பலர் சேர்ந்து பார்க்கிறார்கள். ஆடி மாதத்துக்கும் இப்படி ஒன்று வேண்டும்.

இலக்கியப் பத்திரிகை வாசகர்களிடம் பேசுவதால் இதையும் சொல்லிவிட வேண்டும். நம் கதைகளில் ஐப்பசி அடைமழையில் குயில் கூவுகிறது. வாசலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது, நாயகி ஜன்னலோரம் நிற்கிறாள், தூரத்தில் குயில். ஐப்பசியில் நம் ஊர்க் குயில் பெரும்பாலும் வாய் திறப்பதில்லை. மாசி, பங்குனியில் தொடங்கி, காக்கை கூடு கட்டும் காலத்தை ஒட்டித்தான் ஆண்குயில் விடாமல் கூவும். விதிவிலக்காக ஒரு குரல் கேட்கலாம். ஆனால் நம் கதாசிரியர்கள் விதிவிலக்கைக் கேட்டு எழுதியதாகத் தெரியவில்லை. மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள் சு. தியடோர் பாஸ்கரன் தொகுக்க 'மழைக்காலமும் குயிலோசையும்' என்ற பெயரில் வந்தன. தலைப்பிலேயே ஒரு பருவமும் ஒரு குரலும் சேர்ந்திருக்கின்றன. சத்திமுத்தப் புலவரும் நாரையைத் தூது அனுப்புகையில் அது குமரித்துறை வரை போய்விட்டு வடக்கே திரும்பும் காலம் அறிந்தே அனுப்புகிறார். வாடையில் நடுங்கும் தம் நிலையும் அந்தக் காலத்தோடு பொருந்தி நிற்கிறது. பழைய புலவர்கள் எல்லாம் பறவை ஆய்வாளர்கள் என்று நிறுவ நான் வரவில்லை. பி. எல். சாமி சங்க இலக்கியப் புள்ளினங்களைப் பற்றி எழுதிய நூலைப் படித்தவர்களுக்கு அதிலுள்ள சிக்கல்களும் தெரியும். பொழுது அறியாமல் பறவையைக் கவிதைக்குள் விடக் கூடாது என்ற ஒரு கூச்சம் அவர்களிடம் இருந்தது. அது நம்மிடம் இல்லை என்பதே என் குறை.

பொழுது தவறி வருவனவும் உண்டு. புயலில் அடித்து வரப்பட்டோ வழி தவறியோ, இந்த நிலத்துக்கும் பருவத்துக்கும் சற்றும் பொருந்தாத ஒரு பறவை ஏதோ ஒரு குட்டையில் வந்து நிற்கும். அன்று மாலைக்குள் செய்தி பரவி, மறுநாள் விடியுமுன் நாற்பது பேர் அங்கே நிற்பார்கள். இதற்கு மட்டும் யாரும் திட்டமிட முடியாது. தொல்காப்பியர் இதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. பூவோ புள்ளோ தனக்கு உரிய நிலத்தையும் காலத்தையும் விட்டு வேறிடத்தில் வந்து தோன்றினால், வந்த இடத்தின் கருப்பொருளாகவே அதைக் கொள்க என்று அகத்திணையியலில் ஒரு நூற்பா வைத்திருக்கிறார். அவர் பேசுவது பாட்டின் இலக்கணம். வழிதவறி வந்த பறவையை வேட்டைப்பொருளாக எண்ணி விரட்டுகிறவர்களுக்கும் அதைப் படித்துக் காட்டலாம். அது இப்போது நம் ஊர்ப் பறவை.

கடைசியாக நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பறவைக் குறிப்பேடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் முதல்வரவை எழுதுகிறார்கள். ஆறுமணிக்குருவியின் சீட்டியை இந்த ஆண்டு முதலில் கேட்டது எந்த நாள் என்று கேட்டால் உடனே சொல்வார்கள். எந்த நாளோடு நின்றது என்று கேட்டால் பதில் வராது. காரணம் எளியது. கடைசி நாளன்று அது கடைசி நாள் என்று தெரியாது. நான்கு மாலைகள் அமைதியாகப் போனபின்தான் தெரியும். வருகையைக் குறிக்க ஒரு நாள் விழித்திருந்தால் போதும். புறப்பாட்டைக் குறிக்க வேண்டுமென்றால் பங்குனி பிறந்ததிலிருந்து ஒவ்வொரு மாலையும் தோப்போரம் நின்று, கேட்டால் 'கேட்டது' என்றும் கேட்காவிட்டால் 'கேட்கவில்லை' என்றும் எழுதிவர வேண்டும். தமிழ்நாட்டில் இதைச் செய்வதற்குத் தோதான இடங்கள் கல்லூரி வளாகங்கள். பழைய மரங்கள் அங்கேதான் இன்னும் இருக்கின்றன. மாலையில் ஆட்களும் இருக்கிறார்கள். அடுத்த பங்குனியிலிருந்து எங்கள் தோப்பில் இரண்டாமாண்டு மாணவர்கள் மூவர் முறை வைத்து நிற்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். வேறு ஊர்களில் யாரேனும் சேர்ந்துகொண்டால், சித்திரைக் கடைசியில் தேதிகளை வைத்துக்கொண்டு, தெற்கே முதலில் ஓய்கிறதா வடக்கே முதலில் ஓய்கிறதா என்று பார்க்கலாம்.